நீக்கப்பட்ட வரிகள்

போதகர் ஒருவரின் மகனாக 1931இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த சாம் குக், ஆலயங்களில் நற்செய்திப் பாடகராய் வளர்ந்து, 1957இல் காதல் பாடலொன்றால் அமெரிக்கா எங்கும் புகழ் எய்தினார். ஆயினும் 1963இல் ஷ்ரீவ்போர்ட் நகர விடுதியொன்றில், கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. 1964 சனவரியில் அவர் பதிவு செய்த ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பாடலில் அந்த அவமானத்தின் வடு தெரிகிறது.

மறுமையைப் பற்றிய ஐயமும் அதில் ஒலிக்கிறது. அதை நாம் அவநம்பிக்கை என்று கொள்ளோம். திருப்பாடல் ஆசிரியரும் இறைவனை நோக்கி வினவியவரே.

அவ்வாண்டு திசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதமே வெளிவந்த தனி இசைத்தட்டில், நகருக்குள் கறுப்பினத்தவர் தடுக்கப்படுவதைச் சொல்லும் வரிகள் நீக்கப்பட்டிருந்தன. நம்பிக்கை எஞ்சியது, குற்றச்சாட்டு மறைந்தது. அநீதியைச் சுட்டாத ஆறுதல் அரைகுறையானதே. முழுப் பாடலையே நாம் கேட்போமாக!