இன்னிக்கி என்னா கோலம்?

கோலம் போடுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால், கொஞ்ச நேரம் கோலத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி குவிந்திருக்கும். கட்டைவிரல் அதன்மேல் மெல்லத் தேய்த்துக்கொண்டே போக, உள்ளங்கையில் இருக்கும் மாவு கீழே இறங்கும். விரல் தரையைத் தொடுவதில்லை. மாவு விழும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போனால்தான் கோடு ஒரே கனமாக வரும். கை முந்தினால் கோடு நூலாகத் தேய்ந்து அறுந்துவிடும். மாவு முந்தினால் அங்கங்கே முடிச்சு விழும். கோடு விழும்போது அந்த அம்மாளின் கண் விரலைப் பார்க்காது. அடுத்த புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நெட்டப்பாக்கத்தில் என் ஆயா வீட்டுத் தெரு. அரைப்பரீட்சை லீவு மார்கழியில்தான் வரும். லீவு விட்டதும் எங்களை ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

புதுச்சேரிக்குத் தென்மேற்கே, நெல்லும் கரும்பும் சூழ்ந்த ஊர் நெட்டப்பாக்கம். இந்தப் பக்கத்தில் கம்யூன் என்று சொல்லும் உள்ளாட்சிப் பகுதிகள் ஒரே துண்டு நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லை அப்படியே நிற்பதால், பேருந்தில் போகும்போது நடுநடுவே தமிழ்நாடு வரும், மறுபடியும் புதுச்சேரி வரும். 1954 மார்ச் மாதக் கடைசியில் எதுவார் குபேரும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து இந்தியக் கொடியை ஏற்றியது இங்கேதான். வரலாற்றில் ஊர் பேர் வாங்கியது அதனால். வாசல்களுக்கு மட்டும் அந்த எல்லை எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. பேருந்து எந்தப் பக்கம் போனாலும் ஜன்னல் வழியே தெரிவது அதே ஊடுபுள்ளி, அதே சிக்குக்கோலம்.

ஆயாவின் காலை தொடப்பத்தில் தொடங்கும். கூட்டி முடித்ததும் சாணியைக் கரைத்துத் தெளிப்பாள். வாளியிலிருந்து கையால் அள்ளி வீசும்போது தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து விழும், அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு விழிப்பு வரும். தெளித்த உடனே அவள் கோலமாவில் கை வைக்க மாட்டாள். தண்ணீர் தேங்கிய இடத்தில் மாவு கரைந்து கோடு ஊறிப் பரவிவிடும். காய்ந்துபோனால் மாவு ஒட்டாது, காற்று கொண்டுபோய்விடும். தரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மேலே கறுத்து நிற்கும் கொஞ்ச நேரம்தான் கோலத்துக்கான நேரம். அந்தக் கறுப்பில் வெள்ளைக் கோடு விழும்போது வருகிற பளிச்சை வேறு எந்தத் தரையிலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில், மாவு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆயா வாசலைப் பார்த்தபடி நிற்பாள். எதிர்வீட்டிலிருந்து கேள்வி வரும்: "என்னாக்கா, இன்னிக்கி என்னா கோலம்?"

இந்தக் கேள்வியின் எடை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. நிலத்தில் கரும்பா நெல்லா என்பதைத் தாத்தா முடிவு செய்வார். என்ன குழம்பு என்பதைக் கொல்லையில் காய்த்தது முடிவு செய்யும். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, எப்போது போவது எல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசுவது. விடிகிற நேரத்தில், வாசலில், இன்றைக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் யாரும் ஆயாவுக்குச் சொன்னதில்லை. ஒரு நாளில் முழுக்க முழுக்க அவளுடைய முடிவு அது ஒன்றுதான். அதை அவள் அவசரமாக எடுத்ததே இல்லை.

முடிவு எடுத்ததும் புள்ளி. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இழையைத்தான் கலை என்று நினைப்பார்கள். போடுகிறவர்களுக்குத் தெரியும், பாதிக் கோலம் புள்ளியில் முடிந்துவிடுகிறது. நேர்ப்புள்ளியில் ஒரு வரிசைக்கு நேர்கீழே அடுத்த வரிசை. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள சந்தில் அடுத்த வரிசையின் புள்ளி. "ஏழு, நாலு" என்றால் ஊடுபுள்ளிக்காரர்களுக்கு அது போதும். நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டு போக வேண்டும். மொத்தம் 37 புள்ளி, அறுகோணமாக நிற்கும். சின்னம்மாவின் கோல நோட்டில் "15 புள்ளி, 8 வரை, ஊடு" என்று இருக்கும். எண்ணிப் பார்த்தால் 169 புள்ளி. நூறு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்வந்து, ஓரமெல்லாம் மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கையெழுத்தோடு இருந்தது. சின்னம்மா கல்யாணமாகிப் போனபோது பெட்டியில் புடவைக்கு அடியில் அதையும் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

வைக்கிற புள்ளி ஒவ்வொன்றும் ஒரே அளவு தள்ளி விழ வேண்டும். ஒரு வரிசை சாய்ந்தால் கடைசியில் இழை நெருக்கும், கோலம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆயா அளந்து பார்த்ததில்லை. ஒரு சாண் என்பதை அவள் கை அறிந்து வைத்திருந்தது.

இனி இழை. புள்ளியையும் புள்ளியையும் கோட்டால் இணைப்பது ஒரு வகை. சிக்குக்கோலத்தில் இழை புள்ளியைத் தொடவே தொடாது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சுற்றி, இரண்டு புள்ளிக்கு நடுவே சாய்வாகக் கடந்து, ஓரத்துக்குப் போனதும் வளைந்து திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சில கோலத்தில் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிவிடும். சிலதில் இழை முடிந்துபோய், விடுபட்ட புள்ளிகளுக்குப் புதிதாக இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும். "மூணுக்கு நாலு வெச்சா ஒரே இழையில சுத்திடும் பாப்பா. மூணுக்கு மூணு வெச்சா பிரிஞ்சி பிரிஞ்சி போவும்" என்பாள் ஆயா. ஏன் என்று கேட்டால், "போட்டுப் பாரு" என்பதுதான் பதில்.

போட்டுப் பார்த்தேன். நீளத்தில் 3, அகலத்தில் 4 வைத்தால் ஒரே இழை. 3க்கு 3 என்றால் மூன்று இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று படித்தோமே, அதே கணக்கு. சதுரமாகவோ செவ்வகமாகவோ நேர்ப்புள்ளி வைத்து இடையில் எந்த மாற்றமும் இல்லாமல் சுற்றினால், இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகப்பெரிய காரணி எதுவோ அத்தனை இழை. ஆயாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் எந்த எண் சேரும், எந்த எண் பிரியும் என்பது அவளுக்குத் தப்பியதே இல்லை.

கற்றவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து கோலங்களை ஒரு மொழியாகப் பார்த்து அதற்கு இலக்கணம் எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் படங்களுக்கான இலக்கணம் என்ற துறை வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு நம் வாசல் உதாரணமாகப் போய் நின்றது. இப்படிக் கோடு சுற்றுவது நம் வாசலோடு நிற்கவில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் மணலில் ஒரே விரலால், கோடு அறுபடாமல் படம் வரைகிறார்கள். 2003-இல் யுனெஸ்கோ அதைப் போற்றி அறிவித்தது. அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கோடு இழுத்துக் கதை சொல்கிறார்கள். உலகத்தின் வேறு வேறு மூலையில் மனிதக் கைக்கு ஒரே ஆசை வந்திருப்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது.

வெள்ளிக்கிழமை சாமி அறையில் ஆயா போடும் இருதயக் கமலத்தை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுக் கை, கைக்கு 5 புள்ளி. முதல் கையில் முதல் புள்ளியில் தொடங்கி, அடுத்த கையில் மூன்றாவது, அதற்கடுத்த கையில் ஐந்தாவது, பிறகு இரண்டாவது, பிறகு நான்காவது, மறுபடி முதலாவது என்று இழை போகும். இழையை அறுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சரியாக ஐந்தாவது சுற்றில் 40 புள்ளியும் முடிந்து இழை தொடங்கிய இடத்தில் வந்து மூடும். ஒரு புள்ளியும் விடுபடாது, எதையும் இரண்டு முறை தொடாது. எட்டுக்கும் ஐந்துக்கும் பொதுக் காரணி ஒன்றுதான் என்பதால் இது நடக்கிறது. காரணம் தெரிந்த பிறகும், அந்தக் கடைசி வளைவு வந்து மூடி, தரையில் தாமரை விரிந்து நிற்கும்போது எனக்கு இன்றும் மூச்சு ஒரு கணம் நின்றுதான் வருகிறது.

அதில் இன்னொரு நுணுக்கம். அவ்வளவு நீள இழைக்குக் கையில் இருக்கும் மாவு போதாது. நடுவில் அள்ளத்தான் வேண்டும். ஆயா எந்த இடத்திலும் சட்டென்று நிறுத்த மாட்டாள். இழை இன்னொரு இழையைக் கடக்கும் இடம் வரை கொண்டுபோய், அங்கே விடுவாள். மாவை அள்ளிக்கொண்டு அதே இடத்தில் தொடுவாள். ஒட்டு அந்தக் கடவில் மறைந்துவிடும். முடிந்த கோலத்தில் அவள் எங்கே மாவு அள்ளினாள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல கோலத்தை எப்படி அடையாளம் காண்பது? நான் பார்ப்பது நாலு விஷயம். முதலில் இழையின் கனம், தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாக இருக்கிறதா. இரண்டாவது வளைவு, ஓரங்களில் கை தயங்கிய மூக்கு தெரிகிறதா. மூன்றாவது, புள்ளியைச் சுற்றி இழை விட்டிருக்கும் வெறும் இடம். எல்லாப் புள்ளிக்கும் அந்த இடம் ஒன்றுபோல் இருந்தால் கோலம் தானாகவே அமைதியாகிவிடும். நாலாவது அளவு. சின்ன வாசலில் பெரிய கோலம் மூச்சு முட்டும். பெரிய வாசலில் சின்னக் கோலம் அநாதையாக நிற்கும். ஆயா போட்டு முடித்ததும் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்று தன் கோலத்தைப் பார்ப்பாள். எதிர்வீட்டு அத்தையும் பக்கத்தில் வந்து நிற்பார். இருவரும் ஒன்றும் பேசாமல் பார்ப்பார்கள். "காவி இழுத்துடுக்கா, எடுப்பா இருக்கும்" என்று அத்தை சொன்னால் ஆயா திரும்பி வந்து ஓரத்தில் காவி இழுப்பாள். மார்கழியில் நடுவே சாணி உருண்டையில் மஞ்சள் பூசணிப்பூ நிற்கும். வெள்ளை, காவி, மஞ்சள். அதற்குமேல் எந்த நிறமும் வேண்டியதில்லை என்று தோன்றும்.

மாடு ஓட்டிப் போவதும் கரும்பு வண்டி திரும்புவதுமாக, பத்து மணிக்குள் கோலம் பாதியாகிவிடும். அரிசி மாவு கலந்து போட்ட நாளில் எறும்பு வரிசை கட்டி வந்து கோட்டோடு கோடாக எடுத்துப் போகும். ஆயா அதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அழிந்ததற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வாசல் காலியானால்தானே நாளைக்கு மறுபடியும் என்ன கோலம் என்று நின்று யோசிக்க முடியும்?

வாசலில் கோலம் இல்லாத நாள் பெரும்பாலும் துக்க நாள்தான். வெறும் வாசலைப் பார்த்ததும் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

கடைசி வருஷங்களில் ஆயாவால் குந்தி உட்கார முடியவில்லை. திண்ணையில் சாய்ந்துகொண்டு, தெளித்த வாசலை வழக்கம்போல் கொஞ்ச நேரம் பார்ப்பாள். நான் மாவு டப்பாவோடு காத்திருப்பேன். பிறகு எண்ணை மட்டும் சொல்வாள்: "ஏழு, நாலு." நான் வைப்பேன். கை என்னுடையது, கோலம் அவளுடையது.

அவள் போனபின் பதினைந்து நாள் அந்த வாசல் வெறுமையாகக் கிடந்தது. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் சின்னம்மா வாசல் தெளித்துவிட்டு, டப்பாவை என் கையில் கொடுத்து, "நீயே சின்னதாப் போட்டுடு" என்றார்கள். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்து நின்றிருந்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தரை ஈரத்தை உள்வாங்கிக் கறுக்கும்வரை நான் நின்றேன். திண்ணையிலிருந்து எண் வரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த வாசல் எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

மூணுக்கு நாலு வைத்தேன். பன்னிரண்டு புள்ளி, ஒரே இழை. மூடும் இடம் வந்ததும் தெருவைக் கடந்துபோய், அத்தையின் பக்கத்தில் நின்று பார்த்தேன்.