பிரிவினைக் குரலும் நுகத்தின் பாரமும்

1962 மே மாதம் அறிஞர் அண்ணா மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரையை நாம் மறுபடியும் வாசித்தோம். திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கோரும் அவ்வுரையில் வடவர்மீது பகைமை இல்லை. தென்னகம் பின்தள்ளப்படுகிறது என்னும் மனத்தாங்கலே அதன் உயிர். இது அதன் சிறப்பு. ஆயினும் தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆகியோரின் இசைவைப் பெறாமலே அவர்களுக்காகவும் அது பேசுகிறது. பாவை நீட்டியதனால் மட்டும் சேலையாகாது, ஊடையும் சேரவேண்டும் என்பதை நம் முள்ளிப்பட்டு நெசவாளர் அறிவர்.

அவ்வாண்டே சீனப் போர் மூண்டது. 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆம் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர் உறுதிமொழி ஏற்கவேண்டுமென விதித்தது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது, காரணங்கள் அப்படியே உள்ளன என்றார் அண்ணா.

1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் பத்துக் கோத்திரங்கள் பிரிந்ததற்கு, நுகத்தை இலகுவாக்க மறுத்த ரெகொபெயாமின் கடினமான மறுமொழியே காரணமாயிற்று. ஆனால் பிரிந்தவர்கள் கண்டதோ பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை. ஆகவே பிரிவினையை நாம் ஆதரிக்கவில்லை. சட்டம் நாவை அடக்கலாம். மனத்தாங்கலை நீதியே அகற்றும். ஒருமைப்பாட்டைப் பிரசங்கிக்கும் நாம், நுகத்தின் பாரத்தையும் விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.