40 செ.மீ. என்ற எண்ணும் மூன்று ஆன்டெனாவும்

வைஃபை சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடுகிற யாரும் ‘ஸ்பாட்ஃபை’ கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது (பாட்டு கேட்கிற ஆப் இல்லீங்க, இது வேற). 2015 சிக்காம் மாநாட்டில் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்டது. சாதாரண இன்டெல் 5300 கார்டு, மூன்று ஆன்டெனா, இடைநிலைப் பிழை 40 செ.மீ. நானும் இந்த 40ஐப் பல குறிப்புகளில் அப்படியே எழுதியிருக்கிறேன். மறுபடி படித்தபோது, எண்ணை நாம்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று பட்டது.

முதலில் பாராட்டு. மூன்று ஆன்டெனாவை வரிசையாக வைத்து வெறும் மியூசிக் அல்காரிதம் ஓட்டினால் அதிகபட்சம் இரண்டு பாதைகளைத்தான் பிரிக்கலாம். அறைக்குள் சுவர், தரை, கதவு என்று தெறித்து அதற்கு மேலேயே வரும். இவர்கள் கார்டு தருகிற 30 சப்கேரியர்களையும் சேர்த்துக்கொண்டு, திசையையும் வந்துசேரும் நேரத்தையும் ஒன்றாகத் தேடினார்கள். அருமையான யோசனை.

எங்க இடிக்குதுன்னா, அளவுகள் கூடினாலும் வரிசையின் நீளம் கூடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 3 செ.மீ. ஆக மொத்த வரிசையே 6 செ.மீ.தான். ஒரு சின்னக் கணக்கு (என்னுடையது, கட்டுரையில் இல்லை): அடுத்தடுத்த ஆன்டெனாக்களுக்கு இடையே ஃபேஸ் 20 டிகிரி தப்பினால், நேர் எதிரே இருக்கிற போனின் திசை 6 டிகிரி பிசகும். 5 மீட்டர் தூரத்தில் அது அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே போன் 60 டிகிரி பக்கவாட்டில் இருந்தால்? பிழை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து 49 என்றோ 78 என்றோ காட்டும். 78 என்றால் ஒன்றரை மீட்டர் போச்சு. கார்டு அதேதான், பிழையும் அதேதான். மாறியது கோணம் மட்டும். ஆக 40 என்பது கார்டின் குணம் இல்லை. எத்தனை ஆக்சஸ் பாயின்ட், எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைத்தோம் என்பதும் அதில் அடக்கம். இடைநிலை என்றாலே பாதி அளவுகள் அதைவிட மோசம் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று. வன்பொருளோ ஃபர்ம்வேரோ மாற்ற வேண்டாம் என்கிறது கட்டுரைச் சுருக்கம். ஆனால் அவர்கள் பயன்படுத்திய சிஎஸ்ஐ டூல் ஓடுவதே மாற்றப்பட்ட ஃபர்ம்வேரில்.

போன மாதம் எங்கள் தாழ்வாரத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு சிகரம். ரொம்ப சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது எதிர்ச்சுவரைக் காட்டுகிறது. நேர்பாதையை ஒரு இரும்பு பீரோ மறைத்திருந்தது. பல பாதைகளில் நேர்பாதை எது என்று தேர்ந்தெடுக்கக் கட்டுரையில் நல்ல வழி இருக்கிறது. நேர்பாதையே வந்து சேராவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது?

அடுத்த தடவை யாராவது 40 செ.மீ. என்றால், எந்தக் கோணத்தில், எத்தனை ஆக்சஸ் பாயின்ட்டில், நடுவில் என்ன இருந்தது என்று கேளுங்க. என் தாழ்வார அளவுகளைக் கோணவாரியாகப் பிரித்து அடுத்த குறிப்பில் போடுகிறேன், பீரோவையும் சேர்த்து.