பனிக்காலத்து அல்லித் தொட்டி

மார்கழி விடியலில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் புல்லெல்லாம் பனி கோத்து நிற்கும். கொல்லைத் தொட்டியில் கை விட்டால், தண்ணீர் மட்டும் காற்றைவிட இதமாக இருக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்லச் செலவழிக்கும் சிக்கனம் அதற்கு.

அல்லி புது இலை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வருவதும் சின்ன இலைதான். தாமரையோ இலையைக் கருகவிட்டு, சேற்றுக்குள் கிழங்காகப் படுத்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பி மீன்கள் சோம்பி நிற்கும். அப்போது தீனியை அள்ளிப் போட்டால் தண்ணீர்தான் கெடும்.

ஊட்டியின் உறைபனிக்கு ஜமுனாமரத்தூர் மலையின் உயரம் போதாது. அங்கேயும் குளத்தின் மேலே ஏடு கட்டினாலும், அடிவரை உறையாது. 4 டிகிரியில் தண்ணீர் மிகக் கனம். அது அடியில் தங்கிவிடும்.

மாசியில் சுருள் இலை தலைநீட்டிய பிறகு எரு வைக்கலாம். முந்தினால் பாசிக்குத்தான் விருந்து.