18 மாதமும் 20 நாளும்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டப் போகும் தாய் விடிய முன்னமே லயத்தைவிட்டு இறங்கிவிடுவாள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துபோகும். கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தை காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருக்கும். பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலை மலைகளில் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம், கதை அதேதான். இரவு முழுக்க இருமிய பிள்ளையைப் பகலில் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் மடுவத்து அம்மா. அதே பிள்ளையின் உடல்நலத்துக்கு அரசாங்கக் கணக்கில் பொறுப்பானவர், இரண்டு மூன்று மைல் தள்ளி, இன்னும் பல தோட்டங்களையும் கிராமங்களையும் சுமந்து நடக்கிற குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது எல்லோரும் 'மிட்வைஃப் மிஸ்' என்று சொல்கிற அந்தப் பெண். படித்தவர் தூரத்தில், பக்கத்தில் இருப்பவர் படிக்காமல். சப்ரகமுவ தோட்டங்களில் குழந்தை வைத்தியத்தைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் இந்த இடைவெளியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கிராமத்துச் சுகாதார ஊழியரைக் குழந்தை பராமரிப்புக்குப் பழக்குவதில் இலங்கையும் இந்தியாவும் வேறு வேறு வழியில் போனவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு எது உதவும் என்பது கொஞ்சம் தெளிகிறது.

இலங்கையின் வழி பழையது. கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு வந்தது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவர் கீழே பரிசோதகர், தாதி, மருத்துவமாது என்று எல்லையிட்ட ஒரு பகுதிக்கு ஒரு குழு. அந்த அமைப்பு நாடெங்கும் பரவி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதன் அடிக்கல் மிட்வைஃப். உயர்தரம் படித்த பெண்ணை எடுத்து 18 மாதம் பழக்குகிறார்கள்: ஏறக்குறைய ஒரு வருடம் தாதியர் பயிற்சிப் பாடசாலையிலும் பிரசவ விடுதியிலும், மீதி ஆறு மாதம் வெளிக்களத்தில். பிறகு ஏறக்குறைய 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு பிரிவு கையில் கொடுக்கப்படும். கர்ப்பிணியைப் பதிவது, பிரசவித்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை போவது, தடுப்பூசி, மாத நிறை, திரிபோஷ சத்துமா, குடும்பத் திட்டம் எல்லாம் அவர் தலையில். ஓய்வூதியம் உள்ள அரசாங்க வேலை. இந்த நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் முதல் வயதுக்குள் இறப்பது பத்துக்கும் குறைவு என்றால், அதில் பெரும் பங்கு, பையும் குடையுமாகப் படி ஏறி இறங்கிய இந்தப் பெண்களுடையது.

ஆனால் 1926இன் அமைப்பு தோட்ட எல்லைக் கல்லுக்கு வெளியேதான் வெகுகாலம் நின்றது. உள்ளே வேறு ராச்சியம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தின்படி தொழிலாளியின் நோய்நொடி தோட்டத் துரையின் பொறுப்பு. டிஸ்பென்சரியில் ஓர் அப்போதிக்கரி, பின்னாளில் தோட்ட வைத்திய உதவியாளர். பெரிய தோட்டமானால் தனியாக ஒரு மருத்துவமாது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாயின, 1992இல் முகாமை கம்பனிகளிடம் போயிற்று. அடுத்து, அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் நிதியம் ஒன்று வந்தது. இப்போது அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பிள்ளை மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களானது அதன் காலத்தில்தான். தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் வேலை துண்டு துண்டாக நடந்தது, இன்னும் முடிந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்வது: நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டங்களில் 32. பத்து வருடத்துக்கு முந்திய அளவீட்டில் தோட்டக் கணக்கு 40. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரட்டிப்பு என்பது மறுக்க முடியாதது.

இதிலும் சப்ரகமுவவின் சங்கடம் நுவரெலியாவின் சங்கடம் போன்றதல்ல. அங்கே மலை முழுக்க நம் மலையகத் தமிழர்கள், தமிழ்ப் பாடசாலை இருக்கிறது, தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஓரளவாவது வருகிறார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் விஞ்ஞானம் உயர்தரம் வரை படிக்க வாய்ப்புள்ள பாடசாலை அரிது. மிட்வைஃப் ஆகத் தகுதி பெறும் தோட்டத்துப் பெண் அதைவிட அரிது. எனவே வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண். நல்லவராகவே இருப்பார். 'பபா கிரி பொனவாத?' என்று கேட்பார். தாய் 'ஓ மிஸ்' என்று தலையாட்டுவாள். பால் குடிக்கிறதா என்பதற்கு அந்தப் பதில் போதும். நேற்றுவரை இழுத்துக் குடித்த பிள்ளை இன்றைக்குக் காம்பைப் பிடித்தவுடன் விட்டுவிட்டுச் சோர்ந்து படுக்கிறது என்று சொல்லத் தாய்க்கு அந்தப் பாஷை போதாது. ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தையைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான். 18 மாதம் படித்த படிப்பு அந்தத் தலையாட்டலில் மாட்டிக்கொள்கிறது.

கிளினிக் நாளின் கதையும் உண்டு. கிளினிக்குக்குப் போனால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும், சில நேரம் அதுவும் இல்லை. நிறை பார்க்காமல் பிள்ளையை வைத்துக்கொள்கிறாள் என்று தாயைத் திட்டுகிறவர்கள் அவளுடைய சம்பளச் சீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இனி இந்தியா. அங்கே ஓர் ஊழியரை நீளமாகப் பழக்கும் வழியும் உண்டு, குறுகலாகப் பழக்கும் வழியும் உண்டு. உலகம் பேசுவது இரண்டாவதை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் எழுத்தறிவு இல்லாத பிரசவ மருத்துவிச்சிகளுக்கு நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இதை எட்டினால் ஆபத்து. எண்ணத் தெரியாதவர் எப்படி எண்ணுவார்? ஒரு சட்டத்தில் மணிகள் கோத்து, பக்கத்தில் ஒரு நிமிட மணற்கடிகை வைத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் அது நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். டாக்டர்மார் செய்வது என்று நாம் ஒதுக்கிவைத்த ஒரு காரியம் இப்படிக் கைக்குள் அடங்கிவிட்டது. அடுத்து பச்சிளம் குழந்தைகள். 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே பழக்கி, வீட்டிலேயே நிறை பார்த்து, சூடு காத்து, தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி வரை போடச் செய்தார்கள். பிறந்த முதல் மாதச் சாவு ஆயிரத்துக்கு 62ஆக இருந்தது 25 அளவுக்கு இறங்கியது. 1999இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது.

அந்த அனுபவம் 2011இல் தேசியத் திட்டமானது. 2005இல் தொடங்கிய ஆஷா ஊழியர்கள், ஆயிரம் பேருக்கு ஒருவராக, இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். பயிற்சி மொத்தம் 20 நாள், அதையும் நான்கு சுற்றாகப் பிரித்து. கற்றதை ஊரில் செய்து பார்த்துவிட்டு மறுபடி வகுப்புக்கு வருவார்கள். தராசு, வெப்பமானி, கைக்கடிகாரம், கம்பளி அடங்கிய ஒரு பை. பிறந்த 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாம் முடித்தால் கையில் 250 ரூபாய். அவர் சம்பளக்காரி இல்லை, 'தொண்டர்'. 2022இல் உலக சுகாதார அமைப்பு ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருது கொடுத்த பிறகும் அவர்கள் நிரந்தர வேலைக்கும் மாதச் சம்பளத்துக்கும் தெருவில் நின்று போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கற்பிக்கும் முறையில் கெட்டிக்காரத்தனம், கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம். பேர் போட்டுக் கூலி வாங்கும் ஒரு சமூகத்துக்கு இந்த இரண்டாவதன் அர்த்தம் விளக்காமலே புரியும். அதை இங்கே இறக்குமதி செய்யச் சொல்கிறவரோடு எனக்குச் சண்டை.

தமிழ்நாடு இதில் தனி ரகம். ஆஷாவை அது மலைப் பகுதிகளோடு நிறுத்திக்கொண்டது. மற்ற இடமெல்லாம் கிராம சுகாதார செவிலியர்தான், நம் மிட்வைஃபுக்கு நெருங்கிய உறவு. ஐயாயிரம் பேருக்கு ஒருவர், முறையான பயிற்சி, அரசு வேலை. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஊர்ப் பெண்களை மாதாமாதம் பிள்ளைகளை நிறுக்கப் பழக்கியது. நிறைக் கோடு சாயும் பிள்ளைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு, கோடு நிமிர்ந்ததும் நிறுத்தம். அதாவது நீளமாகப் படித்த செவிலியரும் குறுகலாகப் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்தே வேலை செய்தார்கள். எனக்கு அதிகம் பிடித்தது இந்த ஏற்பாடு.

நீலகிரியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் குடும்பங்களுக்கென்று தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை நட்டு டான்டீ தோட்டங்களை உருவாக்கியது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று இருந்த குடும்பங்கள் எத்தனையோ. அதே மலையில், தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசி 1971இல் தொடங்கிய தொழிலாளர் நலத் திட்டத்தில், கொழுந்து எடுக்கும் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து 'இணைப்புப் பணியாளர்' ஆக்கினார்கள். லயத்துக்கும் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் நடுவே அவர் பாலம். தடுப்பூசி தவறிய பிள்ளை யார், பேதி யாருக்கு, மாதம் எட்டிய கர்ப்பிணி யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் அதே லயத்தில்தான் இருக்கிறார். தோட்ட மக்களுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் கட்சிரோலியைவிட இதைத்தான் முன்வைப்பேன்.

ஊசி போடும் பயிற்சி சப்ரகமுவவுக்குத் தேவையில்லை. இங்கே குழந்தைகள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. நம் பிள்ளைகளின் நோய் மெல்லக் கொல்வது: குறைந்த நிறையோடு பிறப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு கோதுமை மா ரொட்டியும் சாயத் தண்ணியுமாக வளர்வது, ஒரு பிள்ளைக்குக் கொடுத்த திரிபோஷப் பாக்கெட்டை வீடே பங்கு போடுவது, இருமல் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. இவற்றுக்குத் தேவையான திறமைகள் சில: நிறை அட்டையில் கோடு படுத்துக் கிடப்பதைக் கண்டுபிடிப்பது, பிள்ளையின் சட்டையைத் தூக்கி அது அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்ப்பது, பேதி கண்டால் ஜீவனி உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்து ஊட்டுவது, எந்த அறிகுறிக்குத் தோட்ட லொறியை எடுக்கச் சொல்லித் துரையின் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது. இதைப் படிக்க உயர்தரம் வேண்டாம். பிள்ளை மடுவத்தில் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் சம்பளம் வாங்குகிறவர், தமிழ் பேசுகிறவர், பிள்ளையைத் தினமும் தூக்குகிறவர். இன்றைய ஏற்பாட்டில் நோய் பார்ப்பது தோட்ட வைத்திய உதவியாளரின் வேலை, நிறை பார்ப்பது மிட்வைஃபின் வேலை, பிள்ளையை வைத்திருப்பது மட்டும் இவர் வேலை என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலையும் அதோடு சேர்ந்த சப்ரகமுவப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் இந்த மாகாணத்திலேயே இருக்கின்றன. குழந்தை விடுதியில் நோயுற்ற பிள்ளையைக் காட்டித் தமிழில் கற்பிக்க 20 நாள் ஒதுக்குவது பெரிய காரியமே இல்லை.

மிட்வைஃபுக்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. 18 மாதப் பயிற்சியில் கைவைக்கக் கூடாது. அந்தப் பயிற்சிக்குள் தோட்டத்துப் பெண்கள் நுழைய வழி வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கென்று தமிழ் தெரிந்த விண்ணப்பகாரருக்கு இடம் ஒதுக்கி, விஞ்ஞானத்தில் குறைந்து நிற்பவர்களுக்கு ஆறு மாதம் முன்பயிற்சி கொடுத்து எடுக்கலாம்.

பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் தொழிற்சங்கங்களுக்கும் நாற்காலி உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போகும் தலைவர்கள், சம்பளத்தோடு இந்த இரண்டையும் கேளுங்கள்: பிள்ளை மடுவத்து உத்தியோகத்தருக்கு 20 நாள் நோய்க்குறிப் பயிற்சி, கிளினிக் நாளில் தாய்க்கு முழுப் பேர்.