களிம்பை நிறுத்தச் சொல்லும் மருத்துவம்

ஹோமியோபதியைப் பற்றிப் பேச்சு வந்தால், அதில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட இப்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: "பலன் இருக்கோ இல்லையோ, கெடுதல் கிடையாது." தோல் நோய் என்றால் இந்தச் சமாதானம் இன்னும் உரக்கக் கேட்கிறது. மருத்துவர்கள் எக்ஸிமா என்றும் பாட்டிமார் கரப்பான் என்றும் சொல்லும் அரிப்பு நோய்க்கு, பக்கவிளைவில்லாத நிரந்தரத் தீர்வு என்ற விளம்பரம் ஊர்தோறும் தொங்குகிறது. தோல் மருத்துவரிடம் போய்ச் சலித்த பெற்றோர் அதை நம்பிப் போகிறார்கள். கெடுதல் கிடையாது என்ற அந்த வார்த்தையைத்தான் நான் மறுக்கிறேன். எக்ஸிமாவில் கெடுதல் உண்டு. ஹோமியோபதி உருண்டையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அறிவுரையில் அது இருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஹோமியோபதி மருத்துவர் உட்காரவைத்துப் பேசுகிறார். உறக்கம், உணவு, பயம் எல்லாவற்றையும் விசாரிக்கிறார். கூட்டம் நிரம்பிய தோல் மருத்துவமனையில் அந்த அக்கறை பல சமயம் கிடைப்பதில்லை. ஸ்டீராய்டு களிம்பைப் பற்றிய பயமும் ஆதாரமில்லாதது இல்லை. வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகள் நம் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் விற்கப்பட்டன. பூசிப் பூசி முகத்தோல் மெலிந்து சிவந்து போனவர்கள் ஏராளம். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது இந்தச் சீரழிவுக்குப் பிறகுதான்.

ஹோமியோபதி மருந்தின் பலனைப் பற்றியும் நீளமாகப் பேசத் தேவையில்லை. 30 வீரியம் என்றால் நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. பன்னிரண்டாம் முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சும் வாய்ப்பு அற்றுப்போகிறது. ஜெர்மனியில் எக்ஸிமா உள்ள 135 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் ஹோமியோபதி எடுத்தவர்கள் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட மேலாக இல்லை, செலவுதான் கூடுதல். மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2012இல் அதுவரை வந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பலனுக்குச் சான்றில்லை என்றே முடித்தார். இந்தியாவில் நடந்த சில சிறு ஆய்வுகள் சாதகமாகச் சொல்கின்றன. பெரிய முடிவைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை.

என் நெடுநாள் மறுப்பு இதற்கும் அப்பால் போகிறது. ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1828இல் நாட்பட்ட நோய்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். பெரும்பாலான நாட்பட்ட நோய்களுக்கு மூலம் 'சோரா' என்னும் உள்விஷம்; அது அரிப்பாகத் தோலில் வெளிப்படுகிறது; மேற்பூச்சால் அதை அமுக்கினால் உள்ளுறுப்புகளைத் தாக்கும் என்பது அவர் கோட்பாடு. அவர் கண்ட அரிப்பு நோய்களில் பெரும்பங்கு சிரங்கு. 1834இல், பாரிஸில், ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் சிரங்குப் புண்ணிலிருந்து பூச்சியை ஊசிமுனையால் எடுத்து எல்லோர் முன்னும் காட்டிவிட்டார். நோய்க்குக் காரணம் தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிறு உயிர் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே ஹானிமன் பாரிஸில் குடியேறினார். கோட்பாடு மட்டும் அசையவில்லை. நோய் உள்ளிருந்து வெளியே வந்தால்தான் குணம் என்று அவருடைய சீடர் ஹெரிங் வகுத்த விதியோடு சேர்ந்து, அது இன்றுவரை ஆலோசனை அறைகளில் உயிரோடு இருக்கிறது. "மேலே எதுவும் பூசாதீங்க. அமுக்கினா உள்ளே போய் வீசிங்கா வரும்" என்று தாய்மாரிடம் சொல்லப்படுவது அந்தக் கோட்பாடுதான்.

கேட்கும் தாய்க்கு இது பொய்யாகத் தோன்றுவதில்லை. அவள் கண்முன்னே சான்று இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான், மூன்று நான்கு வயதில் மூச்சிரைப்பு, பிறகு தும்மல். இந்த வரிசை உண்மைதான். ஒவ்வாமை நோய்கள் பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. களிம்பே காணாத பிள்ளைகளுக்கும் வருகின்றன. ஏன் என்பது இப்போது பெரிதும் விளங்கிவிட்டது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பழுது எக்ஸிமாவுக்கு வலுவான காரணங்களில் ஒன்று என்று காட்டினார்கள். மேல்தோலின் அரணுக்கு அந்தப் புரதம் வேண்டும். அது குறைந்த தோல், சாந்து உதிர்ந்த செங்கல் சுவர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. தூசியும் உணவுத் துகளும் கிருமியும் உள்ளே போகின்றன. விரிசல் விட்ட தோல் வழியாக நுழைந்த பொருளைத்தான் உடல் பகையாகப் பழகிக்கொள்கிறது. பின்னால் வரும் ஒவ்வாமைகளுக்கு அது வாசல் திறந்துவிடுகிறது.

ஆக, ஆபத்து தோலை ஆற்றுவதில் இல்லை, ஆறாமல் திறந்து வைத்திருப்பதில் இருக்கிறது. ஜப்பானில் எக்ஸிமா உள்ள 650 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு களிம்பு தாராளமாகப் பூசினார்கள். மற்றதற்கு வழக்கம்போலத் தேவைப்பட்டபோது மட்டும் பூசினார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, 28 வார வயதில் முட்டை ஒவ்வாமை வழக்கமான பிரிவில் நூற்றுக்கு சுமார் 42 பேருக்கு இருந்தது, தாராளமாகப் பூசிய பிரிவில் சுமார் 31 பேருக்கு. அந்தப் பிள்ளைகளின் எடையும் உயரமும் சற்றுக் குறைவாகக் கூடின. ஆகவே அளவு முக்கியம். ஆனாலும் திசை தெளிவு. அமுக்கினால் உள்ளே போகும் என்ற கோட்பாடு முன்னுரைத்ததற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது.

இந்தக் கோட்பாடு தன்னைத் தோற்கவும் விடுவதில்லை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். வளர வளரப் பல பிள்ளைகளுக்கு அடங்கியும்விடும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் புது மருத்துவரைத் தேடுகிறார்கள். அடுத்து அது இறங்குவதே இயல்பு. இறங்கினால், மருந்து கேட்டது. ஏறினால்? பூசிக்கொண்டிருந்த களிம்பை முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டதால் சில நாட்களிலேயே முழங்கை மடிப்பும் முழங்கால் பின்புறமும் சிவந்து நீர் வடிகின்றன. அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருந்தது வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குறைந்தாலும் வெற்றி, கூடினாலும் வெற்றி என்றால், இந்தச் சிகிச்சையை விட்டுவிடலாம் என்று தாய்க்குத் தெரியும் தருணம் எது? அப்படி ஒரு தருணமே வராதபடி அந்த விளக்கம் அமைந்திருக்கிறது. இதை நான் மருத்துவப் பிழை என்பதோடு நிறுத்த மாட்டேன். தன் கண்ணால் பார்ப்பதை நம்பும் உரிமையைப் பெற்றவளிடமிருந்து அது பறிக்கிறது.

பொறுத்துக்கொள்வது குழந்தைதான். இரவெல்லாம் சொறிகிறது, தூக்கம் கெட்டு, வகுப்பில் சோர்ந்து உட்கார்கிறது. உடைந்த தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி குடியேறுகிறது. அக்கி வைரஸ் பரவினால் உயிருக்கே ஆபத்து. சிட்னியில் 2002இல் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, கடுமையான எக்ஸிமா முற்றி, இரத்தத்தில் கிருமி பரவி இறந்தது. தந்தை ஹோமியோபதி மருத்துவர். தோல் நிபுணரிடம் காட்டச் சொல்லியும் ஹோமியோபதியையே நம்பிய பெற்றோரை, 2009இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் ஜூரி மரணத்துக்குப் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது. விதிவிலக்கான சம்பவம் என்பார்கள். மரணம் விதிவிலக்கு, அதற்கு இட்டுச்சென்ற காத்திருப்பு விதிவிலக்கா?

எல்லா ஹோமியோபதி மருத்துவர்களும் இப்படி இல்லை என்பதும் உண்மை. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. கிருமி பற்றினால் மருத்துவமனைக்கு அனுப்புபவர்களும் உண்டு. ஆனால் அந்த நல்ல மனிதர்கள் தாங்கள் படித்ததை மீறித்தான் அப்படிச் செய்கிறார்கள். அரசு அங்கீகரித்த பட்டப்படிப்பில் ஹானிமனின் 'ஆர்கனான்' என்ற நூல் இன்றும் தனிப் பாடம். சோராவும் அதற்குள் இருக்கிறது.

தோல் மருத்துவர்கள் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு அரை கிராம், பெரியவர் கையளவில் இரண்டு கை பரப்புக்கு அது போதும். முகத்துக்கு எது, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, ஈரப்பதக் களிம்பை அன்றாடம் ஏன் விடக்கூடாது என்று சொல்லித்தர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் பாதிப் பெற்றோர் வேறு எங்கும் போயிருக்க மாட்டார்கள். ஹோமியோபதி தரப்பிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. உருண்டையைக் கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள். களிம்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். நோய் முற்றுவதைக் குணமாவதன் அடையாளம் என்று சொல்லாதீர்கள். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க முடியாத மருத்துவமுறைக்குக் கெடுதல் கிடையாது என்ற நற்சான்றை நாம் வழங்கக் கூடாது.