உடைந்துபோன தெர்மாமீட்டர்

செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை முதன்முதலாக வாசிப்பவருக்கு ஒரு தவிப்பு வரும். முதல் அங்கத்திலேயே அநேகமாக எல்லோரும் வந்துவிடுகிறார்கள், ஓயாமல் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் காதில் வாங்குவதே இல்லை. பாரிஸிலிருந்து ஊர் திரும்பிய ரனேவ்ஸ்கயா, குழந்தையாய்த் தூங்கிய அறையைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். அண்ணன் கயேவ், நூறு வயதான புத்தக அலமாரிக்கு வாழ்த்துரை வழங்குகிறார். கடனில் மூழ்கிய பண்ணையோ ஆகஸ்ட் 22 அன்று ஏலத்துக்கு வரப்போகிறது. தோட்டத்தை மனைகளாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு 25,000 ரூபிளாவது வரும் என்று வியாபாரி லோபாகின் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். நல்ல யோசனைதான், கேட்கத்தான் ஆளில்லை.

லோபாகினை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவன் அப்பாவும் தாத்தாவும் இதே பண்ணையில் அடிமைகளாகக் கிடந்தவர்கள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. கிழட்டு வேலைக்காரன் ஃபீர்ஸுக்கு இன்றும் அது ஒரு பேரிடர். மூன்றாம் அங்கத்தில் ஏலம் முடிந்து, தோட்டத்தை வாங்கியது தானே என்று லோபாகின் சொல்கிறான். ரனேவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள் வார்யா, இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். அவன் அதை எடுத்துக்கொள்கிறான். வெற்றிக் களிப்பில் கூத்தாடியவன், அழுதுகொண்டிருக்கும் ரனேவ்ஸ்கயாவைப் பார்த்ததும் தானும் கலங்கிப்போகிறான். அவனை வில்லனாக்காமல் விட்டதற்காகவே செகாவைக் கும்பிடலாம்.

நாடகத்தின் உச்சம் எனக்கு நான்காம் அங்கத்தில் வரும் ஒரு சிறு காட்சி. லோபாகின் வார்யாவைப் பெண் கேட்பான் என்று வீடே காத்திருக்கிறது. அவனும் சம்மதித்துவிட்டான். இருவரையும் தனியே விடுகிறார்கள். வார்யா மூட்டைகளுக்கிடையே எதையோ தேடுவதுபோல் தேடுகிறாள். இனி எங்கே போவதாக உத்தேசம் என்று அவன் கேட்கிறான். ஒரு வீட்டில் நிர்வாகம் பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். அவன் பேச்சு வானிலைக்குத் தாவுகிறது: போன வருஷம் இந்நேரம் பனி கொட்டியது, இன்று வெயில், ஆனாலும் உறைநிலைக்குக் கீழே மூன்று டிகிரி. தான் பார்க்கவில்லை, வீட்டுத் தெர்மாமீட்டரும் உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியே யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் போய்விடுகிறான். காதல் என்றோ கல்யாணம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. இருவருக்கும் அதைத் தவிர வேறு நினைப்பும் இல்லை. வார்யா தரையில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலைசாய்த்து விம்முகிறாள்.

1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் இது மேடையேறியது. செகாவ் இதை நகைச்சுவை நாடகம் என்றே சொல்லிவந்தார். இயக்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கோ இது துயர நாடகம். கடைசி அங்கம் 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, 40 நிமிடம் இழுக்கிறீர்கள் என்று, ரனேவ்ஸ்கயாவாக நடித்த மனைவி ஓல்கா நிப்பருக்குச் செகாவ் வருத்தத்தோடு எழுதினார். அந்த ஜூலையிலேயே இறந்தும்போனார். இந்த வழக்கில் நான் செகாவ் பக்கம். ஒரு வாழ்க்கை கைநழுவ இரண்டு நிமிடம் போதும் என்பதுதான் வார்யா காட்சியின் வலி. பெருமூச்சுகளால் நீட்டினால் அது வெறும் பரிதாபமாகிவிடும். நல்ல நடிகர்கள் இருவர் அதை விறுவிறுவென்று உரக்கப் படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றிருக்கிறது.